ஸ்டுடியோ: அறையில்லாத வகுப்புக்கு ஒரு தமிழ்ச்சொல்

தமிழ்நாட்டில் ஸ்டுடியோ என்றதும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுக்கும் கடைதான் நினைவுக்கு வரும். அடுத்து, கோடம்பாக்கத்தின் படப்பிடிப்புத் தளங்கள். கட்டடக்கலையோ பொருள் வடிவமைப்போ படிப்பவர்களின் பேச்சில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அவர்கள் வேலை செய்யும் கூடம், அதற்கான பாடவேளை, அங்கே கற்பிக்கும் முறை ஆகிய மூன்றையும் அது ஒருசேரக் குறிக்கும். பல்கலைக்கழகங்கள் வடிவமைப்பைத் தொலைநிலையில் கற்பிக்கத் தொடங்கியபோது கூடம் இல்லாமற்போயிற்று. ஆயினும் சொல் நிலைத்துவிட்டது. அறையே இல்லாத ஒன்றை ஏன் இன்னும் ஸ்டுடியோ என்கிறார்கள் என்பது விளங்கினால்தான் அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்லைத் தேட முடியும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஸ்டூடியும்'. ஊக்கம், ஈடுபாடு, விடாமுயற்சி என்பவை அதன் பொருள். இடம் என்னும் பொருள் அதில் இல்லை. இத்தாலிய மொழியில் அது 'ஸ்டூடியோ' ஆகி, படிப்பையும் படிக்கும் அறையையும் குறிக்கலாயிற்று. இத்தாலியின் உர்பினோ அரண்மனையில் 15ஆம் நூற்றாண்டில் பிரபு ஃபெடரிகோவுக்காக அமைத்த சிறிய படிப்பறை இன்றும் இருக்கிறது. அதன் சுவர்களில் பாதி திறந்த அலமாரிகள், அடுக்கிய நூல்கள், இசைக்கருவிகள் எல்லாம் கண்முன் இருப்பதுபோல் தோன்றும்; கிட்டப்போய்ப் பார்த்தால் அத்தனையும் பல நிற மரத்துண்டுகளை இழைத்துப் பதித்த சித்திரம். ஒருவர் தனியே அமர்ந்து சிந்திப்பதற்கான அறை அது.

அக்காலத்து ஓவியரும் சிற்பியும் வேலை செய்த இடத்துக்கு இத்தாலியர் வைத்திருந்த பெயர் 'பொத்தேகா'. கடை என்று பொருள். ஃபுளோரன்சில் சிற்பியும் ஓவியருமான வெரோக்கியோவின் பொத்தேகாவில்தான் லியனார்டோ டா வின்சி தொழில் கற்றார். இத்தகைய இடங்களில் பையன்கள் வண்ணம் அரைத்தார்கள், பலகை தேய்த்தார்கள், மூத்தவர் கை போகும் போக்கைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் 'அத்தலியே' என்னும் சொல்லும் இவ்வகையைச் சேர்ந்ததே. மரச்சிராய் குவிந்து கிடக்கும் தச்சர் இடத்தைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டுடியோ வந்துசேர்ந்தபோது, கலைஞர் பணிபுரியும் இடம் என்னும் பொருளோடு வந்தது. படிப்பறையின் பெயரும் தொழிற்கூடத்தின் பழக்கமும் ஒரே சொல்லுக்குள் இவ்வாறு சேர்ந்துகொண்டன.

அந்தப் பழக்கம் எத்தகையது என்பதை அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய ஒரு காட்சி காட்டுகிறது. ஒரு மாணவி தொடக்கப்பள்ளிக் கட்டடம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறாள். நிலம் சரிவாக இருக்கிறது. அவள் எண்ணிய வடிவம் அதில் பொருந்தவில்லை. ஆசிரியர் விதி எதையும் சொல்லாமல், அவளுடைய வரைபடத்தின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை வைத்து, பேசிக்கொண்டே வரையத் தொடங்குகிறார். அவருடைய ஒவ்வொரு கோடும், இப்படி வைத்தால் என்ன ஆகும் என்று நிலத்திடமே கேட்டுப் பார்க்கும் கேள்வி. முடியாத வேலையைப் பிறர் முன் வைப்பதும், அதன்மேலேயே பேசிக்கொண்டு திருத்துவதும்தான் ஸ்டுடியோவின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

அங்கே ஒவ்வொரு பாடமும் ஒரு செயல்திட்டமாகவே அமைகிறது. இலங்கைத் தமிழர் இதைச் செயற்றிட்டம் என்பர். நம் பள்ளிகளில் 'புராஜெக்ட்' என்பது குறித்த நாளில் கொண்டுபோய்க் கொடுக்கும் தெர்மாகோல் மாதிரியாகச் சுருங்கிவிட்டதால் இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. 'மூட்டுவலி உள்ளவர் எளிதில் தூக்கத்தக்க தேநீர்க் கெண்டி' என்னும் பணியைக் கொடுத்தால், சிக்கல் கைப்பிடியிலா, எடையிலா, ஊற்றும்போது மணிக்கட்டு திரும்பும் கோணத்திலா என்பதை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். அட்டையில் கைப்பிடி வெட்டி, ஈரக்கையால் பிடித்துப் பார்த்து, வழுக்குவதை உணர்ந்து, மறுபடி வெட்ட வேண்டும். விடையை ஆசிரியரும் முன்னதாக வைத்திருப்பதில்லை.

இத்தகைய கல்வியைத் தொலைவிலிருந்து தர முடியுமா என்னும் ஐயத்துக்கு நீண்ட காலமாகச் செயலால் விடை சொல்லிவருவது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் அரச சாசனம் பெற்று 1971இல் கற்பிக்கத் தொடங்கிய அது, 1975இலேயே வடிவமைப்பையும் தொழில்நுட்பத்தையும் இணைத்த பாடம் ஒன்றை வழங்கியது. அச்சிட்ட பாடங்களும் பிபிசி ஒளிபரப்புகளும் வீடுதேடி வந்தன. ஆனால் பக்கத்து மேசை வரவில்லை. 2010இல் அங்கே தொடங்கிய வடிவமைப்புச் சிந்தனைப் பாடத்துடன் வந்த இணையத்தளம் அந்தக் குறையைத் தீர்க்க முயன்றது. அதில் ஒவ்வொரு பணிக்கும் மாணவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். சமையலறை மேசையில் வெட்டிய அட்டையையும் பென்சில் கிறுக்கலையும் படமெடுத்து அதில் ஏற்ற வேண்டும். அதே பணியைப் பிறர் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம், கருத்தும் எழுதலாம். பலர் ஒன்றும் எழுதாமல் பார்த்துவிட்டுப் போவது உண்டு. அதைச் சோம்பல் என்று தள்ளுவது தவறு. அடுத்த மேசையில் ஆசிரியர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டு தன் வேலையைத் திருத்திக்கொள்வதும் கற்றலே என்று ஸ்டுடியோக் கல்வியை ஆராய்வோர் கூறுகின்றனர். அந்தத் தளத்துக்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தது பொருந்துகிறது. அறை இல்லாவிட்டாலும் பழக்கம் அங்கே இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். இலங்கை வானொலி வழியாகப் பழகிய 'கலையகம்' அழகான சொல். ஆனால் ஒலிபரப்போடு அது ஒட்டிவிட்டது. 'கலைக்கூடம்' என்றால் தஞ்சை அரண்மனையிலும் பூம்புகாரிலும் உள்ள கலைக்கூடங்கள் நினைவுக்கு வரும். இரண்டும் முடிந்த பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் இடங்கள். முடியாத வேலைக்கு உரிய இடத்தை அச்சொல்லால் குறிப்பது பொருளையே புரட்டிவிடும். 'பணிமனை' என்றால் தமிழ்நாட்டில் பேருந்து நிற்கும்.

எஞ்சுவது 'பட்டறை'. பட்டடை என்பதன் மற்றொரு வடிவம் இது. 'சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை' என்று தொடங்கும் 821ஆம் குறளில் பட்டடை என்பது கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். அக்கல்லின் பெயர் அது இருக்கும் தொழிற்கூடத்துக்கும் ஆயிற்று. இரும்போடு நின்றுவிடாமல் கலைக்கும் இச்சொல் பொருந்தும் என்பதற்கு 1977இல் சென்னையில் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு சான்று. அடித்து, திருப்பி, மறுபடி அடித்து வடிவம் காண்பது என்னும் உணர்வு இச்சொல்லின் அடியிலேயே இருக்கிறது. ஒரே ஒரு தடை: 'எழுத்துப் பட்டறை', 'பயிற்சிப் பட்டறை' என்று இரண்டு நாள் கூட்டங்களுக்கும் இதை எடுத்துக்கொண்டுவிட்டோம்.

ஆகவே 'பயில்பட்டறை' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். பயிலுதல் என்பது படித்தல் மட்டுமன்று. திரும்பத் திரும்பச் செய்து பழகுதலும், ஓரிடத்தில் நெருங்கியிருத்தலும் அதன் பொருள்களே. இலத்தீன் வேரில் இருந்த விடாமுயற்சி 'பயில்' என்பதிலும், பொத்தேகாவின் கைவேலை 'பட்டறை' என்பதிலும் அமைந்துவிடுகின்றன. தொலைநிலை மாணவர் ஒருவர், "கெண்டியின் மூன்றாவது கைப்பிடியைப் பயில்பட்டறையில் ஏற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்" என்று இயல்பாக எழுதலாம்.