பட்டா இருக்கிறது, சரி. பத்திரம் எங்கே?

கிராமத்தில் நிலம் தேடுகிறவர்கள் என் மேசையில் முதலில் வைப்பது பட்டா நகலைத்தான். "பட்டா அவர் பேர்லதான் இருக்கு சார், ஆன்லைன்லயும் பாத்துட்டோம்." போன வாரம் வந்தவரும் இதையேதான் சொன்னார். கிரயம் முடித்து, வேலி போட்டு, போர் இறக்கிய பிறகு வந்திருக்கிறார். கையில் விற்றவரின் தங்கைகள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்.

தயவுசெய்து கேளுங்கள். பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கு. இந்தப் புல எண்ணுக்கு யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்கான பதிவு. அது யாருக்கும் உரிமையைக் கொடுக்காது, யாருடைய உரிமையையும் பறிக்காது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. அப்பா இறந்ததும் மூத்த மகன் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொள்கிறார். தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று வாங்குகிறவர் கேட்பதே இல்லை. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் திட்டத்தில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பதும் பாதி ஆறுதல்தான். பதிவான ஆவணம் மட்டுமே அதில் வரும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. மகளின் பங்கும் அதில் தெரியாது. இந்துக் குடும்பங்களில் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில், உயில் இல்லாவிட்டால், 1956லிருந்தே மகளுக்குப் பங்குண்டு. பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகனுக்குச் சமமான பங்கு. "சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பது கோர்ட்டில் எடுபடாது.

தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, வரிசையாகப் படித்து வாருங்கள். நடுவில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று கேளுங்கள். பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடட்டும், வெளியூரில் இருப்பவர் உட்பட. யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டையும் பாருங்கள், அது பஞ்சமி நிலமாக இருக்கலாம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கிய நிலம் அது. மற்றவர் வாங்கினால் செல்லாது, அவர்களுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

அப்புறம் பாதை. அறுவடை முடிந்த மாசியில் வயலுக்குள்ளேயே கார் போகும். நடவு நேரத்தில் போய்ப் பாருங்கள், வரப்புதான் இருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் "போய்க்கங்க" என்று சொன்னது போதாது. பாதை பத்திரத்திலோ, நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்திலோ இருக்க வேண்டும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரோடு நாலு மூலையிலும் நின்று பாருங்கள்.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். "நாளைக்கே வேற பார்ட்டி வருது" என்பார் தரகர். வந்தால் வரட்டும். நீங்கள் நகல்களை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வக்கீலிடம் போங்கள்.