குமிழைத் திருப்பினால் எல்.இ.டி. சீராக ஒளிர

நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான அர்டுயினோ ஊனோவில் குமிழைத் திருப்பி எல்.இ.டி.யின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதிகப் பொருள்கள் வேண்டாம். ஒரு 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருப்பினால் தடை மாறும் பாகம், சுருக்கமாகப் பொட்; பி10கே என்று அச்சிட்டது), 220 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. போதும். பொட்டின் ஓரக் கால்களில் ஒன்றை 5 வோல்ட்டிலும் மற்றதைக் கிரவுண்டிலும் (GND) செருகி, நடுக்காலைப் பலகையின் ஏ0 (A0) என்ற அனலாக் உள்ளீட்டுக்குக் கொண்டுபோங்கள். எல்.இ.டி.யின் நீளக்கால் ரெசிஸ்டர் வழியாக 9ஆம் பின்னுக்கு (பலகையில் எண்ணிட்ட இணைப்புத் துளை), குட்டைக்கால் கிரவுண்டுக்கு. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும்; மீதி 3 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13.6 மில்லிஆம்பியர். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்காமலிருப்பது நல்லது.

நடுக்காலைத் தவறிப்போய் 5 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள். குமிழைக் கிரவுண்டு பக்கம் முழுக்கத் திருப்பும்போது ஷார்ட் ஆகி, பொட் கருகும்.

ஏ0-வில் வரும் மின்னழுத்தத்தை ஊனோ 1024 படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். நிரலில் அதைப் படிக்கும் கட்டளையான அனலாக்ரீட் (analogRead) தருவது 0 முதல் 1023 வரை. வெளிச்ச அளவைப் பின்னுக்கு அனுப்பும் அனலாக்ரைட் (analogWrite) வாங்கிக்கொள்வதோ 0 முதல் 255 வரைதான். 4ஆல் வகுக்காமல் அப்படியே கொடுத்தால், 255ஐத் தாண்டிய எண்களுக்கு வெளிச்சம் சரியாக வராது.

அனலாக்ரைட் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. 9ஆம் பின்னை நொடிக்குச் சுமார் 490 தடவை போட்டு அணைக்கிறது. ஒவ்வொரு முறையும் எரியும் நேரம்தான் மாறுகிறது. இது 3, 5, 6, 9, 10, 11 பின்களில் மட்டுமே நடக்கும். மற்ற பின்களில் 127 வரை அணைந்தே கிடக்கும், 128லிருந்து முழுதாக எரியும்.

4ஆல் வகுத்தாலும் முழுத் திருப்தி கிடைக்காது. குமிழின் முதல் கால் பங்கிலேயே வெளிச்சம் மளமளவென்று ஏறிவிடும், கடைசிப் பாதியில் பெரிதாக மாற்றமே தெரியாது. குறைந்த ஒளியில் சிறு வித்தியாசத்தையும் பிடிக்கும் நம் கண், பிரகாசத்தில் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் படித்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 4096ஆல் வகுங்கள். 1023ஐ 1023ஆல் பெருக்கினால் 10,46,529. வகுத்தால், தசமப் பகுதி போக, 255இல் வந்து நிற்கும். ஊனோவில் இன்ட் (int) என்ற முழு எண் வகை 32,767 வரைதான் தாங்கும் என்பதால், பெருக்கும் முன்பே எண்ணை இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் லாங் (long) வகையாக மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் 182ஆம் படியிலேயே கணக்கு நிரம்பி வழிந்து வெளிச்சம் தாறுமாறாகும்.

மங்கலான நிலையில் எல்.இ.டி. துடிக்கிறதா? படித்த எண் ஒன்றிரண்டு படி ஆடுகிறது. ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் போடுங்கள், அல்லது 16 தடவை படித்துச் சராசரி எடுங்கள். ஒரு தடவை படிக்கச் சுமார் 0.1 மில்லிநொடிதான் ஆகும், தாமதம் தெரியாது.

கையில் 100 கிலோ ஓம் பொட்கள் இருந்து, இரண்டை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றின் மதிப்பு மற்றதில் கலக்கலாம். சிப்புக்குள் இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் அவ்வளவு பெரிய தடை வழியாக உரிய நேரத்தில் நிரம்புவதில்லை. ஒவ்வொரு பின்னையும் இரண்டு முறை படித்து முதல் எண்ணை விட்டுவிடுங்கள்; அல்லது 10 கிலோ ஓமுக்கே மாறுங்கள்.