மந்து

சென்னை மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு மாடு நினைவுக்கு வராது. ஊர் மாடுகள் ஒன்றாகக் கூடி மேய்ந்த பொதுநிலத்துக்குத்தான் அந்தப் பெயர். நீலகிரிக்குப் போனால் அதே சொல்லின் உறவுக்காரன் ஒருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்: மந்து.

நீலகிரியில் எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பைத்தான் மந்து என்கிறோம். முத்தநாடு மந்து, மஞ்சக்கல் மந்து என்று ஊர்ப்பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். 'ஊர்' என்று மட்டும் பொருள் சொன்னால் பாதிக் கிணறுதான். சில வீடுகள், பால் கறந்து வைக்கும் மனையே கோயிலாகவும் இருக்கும் ஒரு கூரைக் கட்டடம், வட்டமாகக் கல்சுவர் எழுப்பிய எருமைத் தொழுவம், சுற்றிலும் புல்வெளி, பள்ளத்தில் சோலை, ஓர் ஓடை. இத்தனையும் சேர்ந்ததுதான் மந்து.

மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி மன்று, மன்றம், மந்தை மூன்றையும் ஒரே வேரில் வைக்கிறது. தெலுங்கின் 'மந்த', நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தர்களின் 'மந்த்', தோடர் மொழியில் ஏறக்குறைய 'மொற்' என்று ஒலிக்கும் சொல் எல்லாம் அதே குடும்பம். மாடு கூடும் இடமும் மனிதர் கூடிப் பேசும் இடமும் ஒன்றாக இருந்த காலத்துச் சொல். மதுரைப் பக்கம் இன்றும் ஊர்க்கூட்டம் மந்தையில்தான் நடக்கும், மந்தையம்மனும் அங்கேதான் இருப்பாள்.

ஆங்கிலேயர் காதில் இது 'மண்ட்' ஆனது. 1821-இல் எழுதிய ஒரு கடிதத்தில் 'வோட்டகிமண்ட்' என்று வருகிறது, அப்புறம் ஊட்டகமண்ட். ஒற்றைக்கல் மந்துதான் அது என்பார்கள். முன்பாதிக்கு வேறு கதைகளும் உண்டு, பின்பாதியில் சந்தேகம் இல்லை. நாம் அதைத் தமிழாக்குகிறோம் என்று 'உதகமண்டலம்' ஆக்கினோம். உதகம் என்றால் நீர், மண்டலம் என்றால் வட்டாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மந்து போய்விட்டது. செல்லமாக 'ஊட்டி' என்றபோது மிச்சமும் போனது. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மண்ட்' என்று எழுதுவது, நம் வீட்டுப் பாத்திரத்தையே கடையில் விலைக்கு வாங்குவது மாதிரி. மந்து என்றே எழுதலாம்.

போனது சொல் மட்டும் இல்லை. மரம் இல்லாத மலையைப் பாழ்நிலம் என்று பதிந்து, 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் நடவு இன்னும் பெருகியது. அந்தப் புல்வெளியோ காடு அழிந்து உண்டானது இல்லை. அங்குள்ள சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள் புல்வெளியின் ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாற்றை அதில் படித்திருக்கிறார்கள். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் இந்தப் புல்லும் சதுப்பும்தான். தோடர்கள் கோடையில் காய்ந்த புல்லை ஆங்காங்கே கொளுத்தி எருமைக்கு இளம்புல் வரவைப்பார்கள். வனச்சட்டம் அதைக் குற்றமாக்கியது. மேய்ச்சலும் சுருங்கியது. சீகை மரமோ நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளிக்குள் பரவியது.

இப்போது காடு பற்றிய அரசு ஆவணங்களில் 'சமூகப் பங்கேற்பு' என்றொரு தொடர் புழங்குகிறது. யாரோ நடத்தும் விழாவுக்கு ஊர்க்காரர்களை அழைப்பது போல ஒலிக்கிறது எனக்கு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதைவிடத் தெளிவு: காட்டு வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை அங்குள்ள சமூகத்துக்கே என்கிறது. அந்தப் பொருளில் பழைய சொல் ஒன்று வேண்டுமானால் மந்து இருக்கிறது. ஆளையும் எருமையையும் புல்லையும் அது பிரிப்பதில்லை.

முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் கூரைக்குச் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்தான் வேண்டும். சதுப்புகள் தேயிலையாகவும் காய்கறித் தோட்டமாகவும் மாறிவிட்டதால் அது அரிதாகிவிட்டது. ஊட்டியில் பல் மருத்துவராக இருக்கும் தருண் சாப்ரா தோடர்களோடு சேர்ந்து புல்வெளியையும் சோலையையும் மீட்கும் வேலையில் இருக்கிறார். எந்தப் புல் எந்தச் சரிவில் இருந்தது என்பது தோடப் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.