டொமஸ்டிகேஷன்: பழக்குவது வேறு, வளர்ப்பினமாக்குவது வேறு

'புதிய கற்கால மனிதன் ஆடுமாடுகளைப் பழக்கினான்' என்று பள்ளிப் பாடத்தில் படித்தே வளர்ந்திருக்கிறோம். காட்டினம் ஒன்று மனிதர் கையில் வளர்ப்பினமாக மாறுவதை ஆங்கிலத்தில் டொமஸ்டிகேஷன் என்கிறார்கள். அதற்கு நம்மிடம் நிலைத்துவிட்ட தமிழ் 'பழக்குதல்', கொஞ்சம் நீட்டினால் 'பழக்கப்படுத்துதல்'. 'வீட்டு விலங்காக்கல்' என்றும் எழுதுகிறார்கள். இணையத்தில் 'கொல்லைப்படுத்துதல்' கூடக் கண்ணில் படுகிறது. தொல்லியலில் இந்தச் சொல் இன்று சுமக்கும் பொருளை இவை எதுவும் தாங்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

லத்தீனில் 'டோமுஸ்' என்றால் வீடு. 'டொமெஸ்டிகுஸ்' என்றால் வீட்டைச் சார்ந்தது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஆகவே 'வீட்டு விலங்கு' சரியான மொழிபெயர்ப்புதானே என்று தோன்றும். குறுந்தொகையைத் திறந்தால் அந்த எண்ணம் கலைந்துவிடும். ஒரு பாட்டில் 'மனையுறை கோழி' வருகிறது. மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வர, குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பெட்டை அது. இன்னொரு பாட்டில் 'மனையுறை குரீஇ', அதாவது நம் சிட்டுக்குருவி. இரண்டும் மனையில்தான் உறைகின்றன. ஆனால் குருவியை யாரும் வளர்க்கவில்லை, யாரும் இணை சேர்க்கவில்லை. உயிரியலாளர்கள் அதற்கு இட்ட லத்தீன் பெயரிலும் 'டொமெஸ்டிகுஸ்' உண்டு என்பதைப் பார்த்தால், வீடு என்ற அடையாளம் எவ்வளவு வழுக்கும் என்பது புரியும்.

'பழக்குதல்' வேறு விதமாகத் தவறுகிறது. கோயில் யானை பழகிய விலங்கு. பாகன் சொன்னால் மண்டியிடும். ஆனாலும் யானை இனம் இன்றுவரை காட்டினம்தான். முகாமில் பிறந்த குட்டியையும் புதிதாகத்தான் பழக்க வேண்டும். சென்னையில் இரவு பத்து மணிக்கு மேல் வண்டியைத் துரத்தும் தெருநாயோ யாருக்கும் பழகாததாக இருக்கலாம். ஆனால் அதன் முன்னோர் ஓநாயிலிருந்து பிரிந்து 14,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது, அது வளர்ப்பினம். பழக்கம் ஒரு விலங்கோடு, அதன் ஆயுளோடு முடியும். டொமஸ்டிகேஷன் ஒரு கால்வழிக்கு நேர்வது: எது ஈனலாம், எது ஈனக்கூடாது என்பதை மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானிக்க, இனமே மாறிப்போவது. அதனால்தான் 'வளர்ப்பினமாக்கல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். இனம் என்பது உள்ளே இருந்தாக வேண்டும்.

எலும்பைத் தோண்டி எடுப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். ஈரானின் ஸாக்ரோஸ் மலையில் கஞ்ச் தாரே என்ற மேடு இருக்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெள்ளாட்டு எலும்புகள் அங்கே கிடைத்தன. உடல் சிறுத்திருந்தால் வளர்ப்பினம் என்பதுதான் பழைய அளவுகோல். தொல்லியலாளர்கள் மெலிண்டா ஸீடரும் பிரையன் ஹெஸ்ஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் வேறொன்றைக் கவனித்தார்கள்: எந்த வயதில், எந்தப் பால் வெட்டப்பட்டது? கிடாக்கள் இளமையிலேயே வெட்டப்பட்டிருந்தன. பெட்டைகள் பல ஈற்றுவரை விட்டுவைக்கப்பட்டிருந்தன. வேடன் பெரிய கிடாவைத் தேடிப் போவான். கிடை வைத்திருப்பவன் பெட்டையைக் காப்பான். உடல் மாறுவதற்கு முன்பே மேய்ப்பனின் கணக்கு எலும்பில் பதிந்துவிட்டது. இன்றும் நம் ஊரில் ஆடு வளர்ப்பவர்கள் கிடாக்குட்டியை விற்றுவிட்டுப் பெட்டையை வைத்துக்கொள்வது இதே கணக்கில்தான்.

திமிலுள்ள நம் மாட்டின் கதை தனி. பாகிஸ்தானில், பலுசிஸ்தானின் மெஹர்கர் என்ற புதிய கற்கால ஊரில் 1974 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜாரிஜின் குழு தோண்டியது. அடி அடுக்குகளில் காட்டு விலங்கு எலும்பு மிகுதி. மேலே வரவர மாடும் ஆடும் பெருகுகின்றன, மாட்டின் உடலும் சிறுக்கிறது. மேற்காசிய மாட்டிலிருந்து இது தனியே வளர்ப்பினமானது என்று மரபணுவும் காட்டுகிறது.

தென்னகத்துக்கு வந்தால் 'சாம்பல் மேடு' என்ற சொல்லைச் சொல்லாமல் போக முடியாது. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வறள்நிலங்களில் குன்று குன்றாகச் சாம்பல். அரக்கனை எரித்த சாம்பல் என்பது ஊர்க்கதை. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்கால கருவியைக் கண்டெடுத்த அதே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், இது எரிந்த மாட்டுச் சாணம் என்று வாதாடினார். அவர் சேகரித்த கருவிகளை 1904இல் அரசு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. சென்னையில் இருப்பவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். 1957இல் தெலங்கானாவின் உட்னூர் மேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் ஆல்சின், பட்டியின் வேலிக்கால் தடங்களையும் மாட்டுக் குளம்படிகளையும் கண்டார். ஃபூட் சொன்னது உறுதியானது. 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே மாடு அடைத்திருக்கிறார்கள்.

மேய்ச்சலைச் சுற்றியுள்ள மற்ற கலைச்சொற்களுக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. பேஸ்டோரலிசம் 'மேய்ச்சல் வாழ்வு'. மந்தையோடு பருவந்தோறும் இடம்பெயர்வது 'வலசை'. அடைக்குமிடம் பட்டி அல்லது தொழு, வயலில் இரவு தங்கவைப்பது கிடை. மாடு கவர்வதற்கு 'ஆகோள்'. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் தமிழ் பிராமியில் அந்தச் சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது.

அப்புறம் 'ஃபெரல்' என்ற சொல். கோடியக்கரையில் திரியும் மட்டக்குதிரைகளைச் சிலர் காட்டுக்குதிரை என்று எழுதுகிறார்கள். அவை வளர்ப்பினத்தின் வழிவந்து, உடையவர் இல்லாமல் காட்டில் பெருகியவை. 'காடேறிய குதிரை' என்று எழுதலாம்.