இடித்துரைப்பதும் இழித்துரைப்பதும்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உளவியல் ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம் மனச்சுமையோடு வருகிறவர்களில் பலர், என்றோ யாரோ சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். சொன்னவருக்கு அது மறந்தே போயிருக்கும். கேட்டவருக்கோ, ஆண்டுகள் பல கடந்த பின்னும், அந்தக் குரல்கூட அப்படியே நினைவிருக்கும்.

முப்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கோயிலில் வெள்ளிக்கிழமை வழிபாட்டின்போது அவர் தேவாரம் பாடி முடித்ததும், பெரியவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும், "தமிழே தெரியாதவளுக்குத் தேவாரம் எதற்கு?" என்று கேட்டுவிட்டார். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் அவர் வாயைத் திறந்து பாடவில்லை. போகப்போக, தனக்குத் தகுதி இல்லையோ என்ற ஐயம் அலுவலகத்துக்கும் தொற்றி, நன்றாகத் தெரிந்த கணக்கைக்கூட மூன்று முறை சரிபார்க்காமல் அனுப்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டார்.

ஒரு தாளில் அந்த வாக்கியத்தை எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே, பாட்டில் எந்த இடம் பிழை என்று அந்தப் பெரியவர் சொன்னார் என எழுதச் சொன்னேன். நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எழுத ஒன்றும் இல்லை. அத்தனை கடுமையான சொல்லில் திருத்திக்கொள்ளத் தக்க செய்தி ஒன்றுகூட இல்லாததை அப்போதுதான் அவர் கண்டார். இடித்துரைத்தல் என்பது பிழையைச் சுட்டுவது. இழித்துரைத்தல் என்பது ஆளைச் சுடுவது. இரண்டும் ஒரே குரலில் வருவதால்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

பிழை இல்லாமலும் இல்லை. அவருடைய பாட்டுப் புத்தகம் ஆங்கில எழுத்தில் அச்சானது. ல, ள, ழ மூன்றுக்கும் அதில் ஒரே எழுத்து. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய மண் இது. கரும்புத் தோட்டத்திலும், பின்னர் ஆங்கிலவழிப் பள்ளியிலும் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த ஒரு மொழியை, எழுத்துத் தெரியாமல் செவிவழியாகவே காப்பாற்றிப் பாடுகிறவரிடம் ழகரம் வழுக்குவதில் வியப்பில்லை. அதைத் தகுதிக் குறைவு என்பது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

1996-இல் குளுகர், டெனீசி என்னும் இரு ஆய்வாளர்கள் நிறை குறை கூறுதல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் அது செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் குறைத்தே விட்டிருந்தது. கவனம் செய்கிற வேலையிலிருந்து விலகி 'நான் எப்படிப்பட்டவள்' என்பதன் பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பெற்றோரும் ஆசிரியர்களும் இதை மனத்தில் இருத்த வேண்டுமென்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கணவர் எத்தனையோ முறை பாராட்டியும் அந்தப் பெண்மணி தேறவில்லை. அதுவும் இயல்புதான். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, பிறர் தரும் உறுதிமொழியைவிடத் தானே செய்து முடித்த அனுபவம்தான் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே தேற்றுவதை விட்டுவிட்டுச் சிறு வேலை ஒன்றைக் கொடுத்தேன்: ஒரே பாட்டு, அதில் வரும் ழகரங்கள் மட்டும். நாக்கு நுனியைப் பின்னோக்கி வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் ஒலிக்க வேண்டும். தமிழ் வகுப்பு நடத்தும் ஓர் அம்மாவிடம் வாரம் ஒருமுறை போய், கைக்கண்ணாடியில் நாக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

ஐயம் உறக்கத்தையும் பசியையும் கெடுத்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், இத்தகைய பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். சாடாக் என்னும் தென்னாப்பிரிக்க மனநல அமைப்பு தொலைபேசி வழியாகவும் உதவுகிறது.

ஐந்து மாதங்கள் கழித்து அதே கோயிலில் அவர் மீண்டும் பாடினார். மறுவாரம் என்னிடம் வந்து அமர்ந்ததும் அவர் சொன்ன முதல் செய்தி, மூன்றாம் அடியில் ஒரு ழகரம் தவறிவிட்டது என்பதுதான். எந்தச் சொல்லில் என்று சொல்லி, அதைத் திருத்தி உச்சரித்தும் காட்டினார்.