உடைமைப்பற்று: ‘எண்டோமென்ட் எஃபெக்ட்’ என்பதற்குத் தமிழ் என்ன?

தியாகராய நகரின் பட்டுப்புடவைக் கடையொன்றில், விரிப்பின்மேல் குவிந்து கிடக்கும் புடவைகளுள் ஒன்றை விற்பனையாளர் எடுத்து, வந்தவரின் தோளில் முந்தானை தெரியும்படி சார்த்தி, கண்ணாடியின் முன் நிறுத்துகிறார். அந்த நொடிக்குப் பிறகு மற்றவை வெறும் புடவைகள்; இது மட்டும் ‘என் புடவை’. இன்னும் பணம் கொடுக்கவில்லை, பில் போடவில்லை. ஆயினும் அதை மடித்து மீண்டும் அடுக்கில் வைக்கும்போது, கையிலிருந்த ஏதோ ஒன்று பறிபோனதுபோல் மனம் சுருங்குகிறது. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாலோ, அதே விலைக்கு அதை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. நம்முடையது என்று ஆகிவிட்ட ஒரே காரணத்தால் ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் உயர்ந்துவிடுவதைத்தான் பொருளியலார் ‘எண்டோமென்ட் எஃபெக்ட்’ என்கிறார்கள்.

இப்பெயரை 1980-இல் வழங்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ‘எண்டோமென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், மணக்கொடையைக் குறிக்கும் ‘டோஸ்’ என்ற இலத்தீன் சொல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கொடையாக வந்து சேர்ந்தது என்பதே அதன் அடிப்பொருள். சென்னையில் இச்சொல்லைப் பலரும் கேட்டிருப்பது கல்லூரிகளின் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில்தான். அந்தப் பழக்கத்தில் ‘அறக்கட்டளை விளைவு’ என்று பெயர்த்துவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘உடைமை விளைவு’ என்பது பிழையற்றது. ஆனால் அதில் மனம் இல்லை.

தேலரும் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஜாக் நெட்சும் சேர்ந்து 1990-இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. மாணவர்களில் ஒரு பாதியினருக்குக் காபிக் குவளைகளைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை பெறாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்பவர் சொன்ன விலை, வாங்குபவர் சொன்னதைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. சில நிமிட உடைமைக்கே இவ்வளவு! பின்னர் ஜோஆன் பெக், சூசேன் ஷூ என்னும் ஆய்வாளர்கள் 2009-இல் இதை ஒரு படி முன்னே கொண்டுசென்று, சொந்தமாக்கிக்கொள்ளும் முன்பே, பொருளைத் தொட்டுப் பார்ப்பதே ‘இது என்னுடையது’ என்ற உணர்வை வளர்ப்பதைக் காட்டினார்கள். பொருளைக் கையில் எடுத்து உங்களுடையதாகவே எண்ணிப் பாருங்கள் என்று தூண்டும் கடைக்காரர்களிடம் கவனமாக இருக்கும்படி, 2003-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் மக்களை எச்சரித்தது. புடவைக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாக அறிந்ததை ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள் என்பேன்.

கையால் தொடுவதும் மனத்தால் ஒட்டுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் இந்தச் செய்தியைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது: பற்று. ‘கையைப் பற்றினான்’ என்பதில் அது பிடித்தல். ‘மொழிப்பற்று’ என்பதில் நெஞ்சின் ஈடுபாடு. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்று தொடங்கும் குறளில், பிடித்தலும் ஈடுபாடும் ஒரே வரிக்குள் நிற்கின்றன. சோறு ஒட்டிய ஏனம் பற்றுப்பாத்திரம்; அதுதான் பேச்சில் ‘பத்துப் பாத்திரம்’ ஆயிற்று. கணக்கேட்டில் பற்று உண்டு, வரவு உண்டு. பணம் பெற்றதற்குத் தருவது பற்றுச்சீட்டு. பிடிப்பு, ஒட்டு, ஈடுபாடு, கொடுக்கல் வாங்கல் ஆகிய நான்கையும் தாங்கும் வேறொரு சொல்லை எனக்குத் தெரியாது. ஆகவே ‘உடைமைப்பற்று’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். ‘விளைவு’ என்று தனியே ஒட்டவும் தேவையில்லை.

இது பேராசையோடு குழம்பாதா என்று கேட்கலாம். பேராசை கையில் இல்லாததை நோக்கிப் போவது. உடைமைப்பற்று கையில் உள்ளதைக் கைவிட மறுப்பது. வாங்குமுன்னரே தொடுதலால் பிறக்கும் உணர்வுக்கு மட்டும் தனிச்சொல் வேண்டுமானால் ‘தொடுபற்று’ எனலாம். ‘கைப்பற்று’ கூடாது, அது பறித்துக்கொள்வதாகிவிடும்.

ஆனால் உடைமை ஒன்றே பற்றை முழுதாக விளக்கிவிடுவதில்லை; கடையில் நிகழ்ந்ததும் பொருளோடு வீட்டுக்கு வருகிறது. எங்கள் வீட்டு எவர்சில்வர் காபி ஃபில்டர், என் முதல் சம்பளத்தில் அம்மாவுக்காக ரங்கநாதன் தெருவில் வாங்கியது. வாசலோரம் முக்காலியில் அமர்ந்து பெயர் வெட்டுபவர், “இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டார். அதுவரை தன் பெயரை எந்தப் பாத்திரத்திலும் கண்டிராத அம்மா, அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, தன் பெயரைச் சொன்னார். கருவி கிர்ரென்று ஓட, எழுத்துகள் புள்ளி புள்ளியாக எழுந்தன. சூடு ஆறுமுன்பே அம்மா விரலால் அவற்றைத் தடவிப் பார்த்தார்.

மூடி இப்போது சரியாகப் பொருந்துவதில்லை. பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியது தரும் கடைக்கு ஒருமுறை கொண்டுபோனோம். கடைக்காரர் தராசில் வைத்து எடையைச் சொன்னதும், அம்மா ஒன்றும் பேசாமல் ஃபில்டரை எடுத்து, பெயர் உள்ள பக்கம் உட்புறமாக இருக்கும்படி துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.