ஆட்டுக்குட்டி வளக்குற பசங்க உண்மையில என்ன கத்துக்குறாங்க?

அமெரிக்காவுல ஃபோர் எச்னு ஒரு சிறுவர் கிளப் இருக்கு. தலை, மனசு, கை, ஆரோக்கியம், இந்த நாலுக்கும் இங்கிலீஷ்ல முதல் எழுத்து எச், அதான் பேரு. வெளியில இருந்து பாத்தா பத்து வயசுப் பையன் பொருட்காட்சியில ஒரு செம்மறி ஆட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான், இதுல என்னடா பெரிய ஸ்கில்னுதான் எனக்கும் மொதல்ல தோணுச்சு.

1902 ஜனவரியில ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல ஏ.பி. கிரஹாம்னு ஒரு ஸ்கூல் சூப்பரிண்டெண்ட், கோர்ட் கட்டடத்தோட அடித்தளத்துல பசங்களைக் கூட்டி ஆரம்பிச்ச விஷயம் இது. லிட்மஸ் பேப்பர் வச்சு மண்ணை டெஸ்ட் பண்றது, நல்ல மக்காச்சோள விதையைப் பொறுக்குறது, இதான் அப்போ வேலை. அந்தக் காலத்துல யுனிவர்சிட்டிக்காரங்க சொன்ன புது முறையை நெறைய விவசாயிங்க காதுலயே வாங்கல, பசங்க செஞ்சு பாத்தாங்க. 1910ல சவுத் கரோலினாவுல ஜெர்ரி மூர்னு 15 வயசுப் பையன், இதே மாதிரி ஒரு மக்காச்சோள கிளப்புல சேந்து ஒரு ஏக்கர்ல 228 புஷெல் (தானியம் அளக்குற அமெரிக்க அளவு) எடுத்தான், அப்போ நாட்டோட சராசரி 30கூட கிடையாது. அப்புறம் பெரியவங்க வாயடைச்சுப் போகாம என்ன பண்ணுவாங்க!

சரி, இது மூளைக்குள்ள எப்படி வேலை செய்யுது? ஆட்டுக்குட்டியையே எடுத்துக்கலாம். பொருட்காட்சிக்கு இன்னும் 90 நாள்னு வைங்க, குட்டி இப்போ 60 பவுண்டு, அன்னைக்கு 120 இருக்கணும். அப்போ ஒரு நாளைக்கு முக்கா பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மியா ஏறணும். அதை வளக்குற பொண்ணு வாராவாரம் எடை போட்டு ரெக்கார்ட் புக்ல எழுதுறா, தீவனம் எத்தனை கிலோ, எவ்வளவு காசு, எல்லாம். மூணாவது வாரம் எடை அப்படியே நிக்குது. தீவனம் பத்தலயா, வயித்துல பூச்சியா? கீழ் இமையை இறக்கிப் பாக்குறா, உள்ள செவப்பா இல்லாம வெளுத்துக் கெடக்கு, ரத்தம் குடிக்கிற புழு இருக்கும்போல. கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு மருந்து குடுத்து மறுபடி எடை போடுறா.

இங்கதான் விஷயமே இருக்கு. கணிக்கிறது, அளக்குறது, கணிப்பு ஏன் தப்பாச்சுன்னு தேடுறது, ஒன்ன மட்டும் மாத்திப் பாக்குறது. மார்க் போடுறது டீச்சர் இல்ல, ஆடுதான், அதுகிட்ட கெஞ்ச முடியாது, பரிட்சைக்கு முந்தின ராத்திரி உக்காந்து படிக்கிற மாதிரி ஒரே ராத்திரியில கொழுக்க வைக்கவும் முடியாது. என்னால முடியும்ங்கிற நம்பிக்கை எங்கிருந்து வருதுன்னு 1977லயே ஆல்பர்ட் பண்டூரானு ஒரு உளவியலாளர் எழுதினாரு, அடுத்தவங்க புகழ்றத விட தானே ஒன்ன செஞ்சு முடிச்ச அனுபவம்தான் அதுக்குப் பலமான வேர்னு சொல்றாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஆடு மாடு மதிப்பிடுற போட்டி. நாலு மிருகத்தை நிப்பாட்டி ஒன்னு ரெண்டு மூணு நாலுனு வரிசைப்படுத்தச் சொல்லுவாங்க, அப்புறம் ஜட்ஜ் முன்னாடி தனியா நின்னு, பேப்பரைப் பாக்காம, ஏன் இதுக்கு முதலிடம்னு ரெண்டு நிமிஷத்துக்குள்ள காரணம் சொல்லணும். வரிசை ஜட்ஜோடதுல இருந்து மாறிப்போனாலும் காரணத்துக்குத் தனி மார்க் உண்டு! நம்ம ஆபீஸ் மீட்டிங்ல பாதி பேருக்கு இது வராது.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல ரிச்சர்ட் லெர்னர் குழு 2002ல இருந்து பல வருஷம் சுமார் 7,000 பசங்களைப் பின்தொடர்ந்து பாத்துச்சு, ஃபோர் எச் பசங்க ஊருக்கு உழைக்கிறதுல மத்தவங்களை விட முன்னாடி இருந்தாங்க. ஆனா கொஞ்சம் பொறுங்க, புள்ளைங்களை இந்த மாதிரி கிளப்புல சேக்குற வீடுங்க ஏற்கனவே வேற மாதிரி இருக்கலாம், அதனால முழுப் பெருமையும் கிளப்புக்கே போகாது.

பொருட்காட்சி முடிஞ்சதும் ஆடு ஏலத்துக்குப் போகும். பேரு வச்சு வளத்த குட்டி, அழாத புள்ளைங்க கொறைச்சல். அழுது முடிச்சிட்டு ரெக்கார்ட் புக்கைத் தொறந்து வித்த காசுல தீவனச் செலவைக் கழிக்கிறாங்க, சில வருஷம் நஷ்டம்தான் வரும், அதையும் எழுதணும்.